பாயின்ட் 22 தோட்டா: பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தைப் பார்த்து ஏமாறாதீங்க

போன ஞாயிற்றுக்கிழமை திருப்பூரிலிருந்து ஒரு தம்பி நாங்கள் ரைஃபிள் சுட்டுப் பழகுகிற ரேஞ்சுக்கு வந்திருந்தான். பையிலிருந்து நாலு பெட்டி தோட்டாவை எடுத்துப் பெருமையாக பெஞ்சில் அடுக்கினான். எல்லாம் ஹை வெலாசிட்டி, மூக்கில் குழி போட்ட ஹாலோ பாயின்ட். "ஏனுங்ண்ணா, இது வினாடிக்கு 1,260 அடிங்க. ஆடிக்காத்தையே கிழிச்சுட்டுப் போயிருமுங்க" என்றான். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நானும் இதையேதான் சொன்னேன், கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில், அப்போது சிரித்த பெரியவரைப் பார்த்துக் கோபம் வேறு வந்தது எனக்கு. காதில் மஃப் போடுவது, விரலை ட்ரிகரில் வைக்காமல் இருப்பது எல்லாம் முதல் நாளே சொல்லிக் கொடுத்திருப்பார்கள், அதை விட்டுவிட்டுத் தோட்டா விஷயத்தில் செய்கிற தப்புகளை மட்டும் சொல்கிறேன்.

முயல் அடிக்கவா?

குழி மூக்குத் தோட்டா வேட்டைக்குச் செய்தது, ஆனால் இங்கே அது வேண்டாம். 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டு முயலும் உண்டு. பனங்காட்டில் முயல் அடித்த கதையெல்லாம் அப்பாருவோடு போகட்டும்.

வேகத்தைப் பார்த்து வாங்குவது

இன்னமும் எனக்கு எரிச்சல் வருகிற தப்பு இதுதான், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பாயின்ட் 22 எல்ஆர், அதாவது 0.22 அங்குல லாங் ரைஃபிள், 1887இல் வந்த தோட்டா. பற்றவைக்கும் மருந்து கேஸின், அதாவது பித்தளைக் கூட்டின், அடி விளிம்புக்குள்ளேயே இருக்கும், துப்பாக்கியின் ஊசி வந்து அந்த விளிம்பை நசுக்கினால் வெடிக்கும். சுட்ட கேஸை மறுபடி நிரப்ப முடியாது. பெரிய தோட்டாக்காரர்கள் மாதிரி மருந்தைக் கூட்டிக் குறைத்துப் பார்க்கிற வழியெல்லாம் நமக்குக் கிடையாது, ஃபேக்டரியில் எப்படி அடைத்தார்களோ அப்படித்தான். அதனால் எந்தப் பெட்டியை வாங்குகிறோம் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

ஸ்டாண்டர்டு வகையில் 40 கிரெய்ன், அதாவது 2.6 கிராம் ஈயக்குண்டு, வினாடிக்கு 1,070 அடி அளவில், நம் கணக்கில் 325 மீட்டர் வேகத்தில் கிளம்பும். ஹை வெலாசிட்டி 1,200க்கு மேல். ஸ்டிங்கர் மாதிரி அதிவேக வகைகள் 32 கிரெய்ன் லேசான குண்டை 1,640 அடிக்குத் தள்ளும். பெட்டியில் இந்த எண்ணைத்தான் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள், புதுசாக வருகிறவன் கண்ணும் அங்கேதான் போகும்.

இப்போது நம் ஊர்க் காற்றுக்கு வருவோம். வைகாசி கடைசியில் பாலக்காட்டுக் கணவாய் திறந்துகொண்டால் ஆடி முடிகிற வரைக்கும் காற்று நிற்காது. ரேஞ்சில் 25 மீட்டரில் கட்டியிருக்கும் துணிப்பட்டை படுத்தபடியே துடிக்கும். இந்தக் காற்றில் குண்டு சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் ஒதுங்குவதும் குறையும் என்றுதான் எல்லாருக்கும் தோன்றும். ஆனால் குண்டு பறக்கிற நேரத்தை மட்டும் வைத்து ஒதுங்கலைக் கணக்குப் போட முடியாது. காற்றே இல்லாத வெற்றிடத்தில் போயிருந்தால் ஆகும் நேரத்தைவிட எவ்வளவு தாமதமாகிறதோ, அந்தத் தாமதத்துக்கு ஏற்றபடிதான் அது பக்கவாட்டில் ஒதுங்கும். ஒலியின் வேகத்தை ஒட்டி, குண்டைக் காற்று பின்னுக்கு இழுக்கிற இந்த இழுவை திடுமென்று ஏறிவிடும். 30 டிகிரி வெயிலில் ஒலி வேகம் வினாடிக்குச் சுமார் 349 மீட்டர். ஹை வெலாசிட்டி குண்டு 380க்குப் பக்கத்தில் கிளம்பி, டார்கெட் வரைக்கும் அந்தக் கெட்ட எல்லைக்குள்ளேயே மல்லுக்கட்டிக்கொண்டு போகும், போதாக்குறைக்கு ஒலி வேகத்துக்குக் கீழே இறங்கும்போது கொஞ்சம் ஆட்டமும் காணலாம். ஸ்டாண்டர்டு குண்டு அந்தக் கோட்டுக்குக் கீழேயே கிளம்பி, கீழேயே போய்ச் சேருகிறது. ஒரே காற்றில் மெதுவான குண்டு குறைவாக ஒதுங்குகிற விசித்திரம் இதனால்தான்.

நம் 50 மீட்டர் டார்கெட்டில் நடுவில் இருக்கும் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். அடுத்த வளையம் 8 மில்லிமீட்டர் தள்ளி. இந்த அளவுக்குள் விளையாடுகிறவன் காற்றுக்கு எதையும் சும்மா கொடுக்க முடியாது.

எனக்கு இதெல்லாம் அப்போது தெரியாது. அந்த வருஷம் ஒரு போட்டிக்காக இதே மாதிரி குழி மூக்குத் தோட்டாவை மொத்தமாக வாங்கினேன். க்ரூப், அதாவது ஒரே குறிக்குச் சுட்ட ஓட்டைகளின் கூட்டம், இட்லித் தட்டு மாதிரி விழுந்தது, நடுவில் ஒன்று, சுற்றி நாலு. தோட்டாமேல் சந்தேகமே வரவில்லை, விலை கொடுத்து வாங்கியதாயிற்றே! ரியர் சைட்டைக் கழற்றினேன், ஸ்டாக் திருகை இறுக்கினேன், தளர்த்தினேன், ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்து அவரும் எதையோ ராவி அதற்கும் காசு வாங்கினார். நாலு மாசம். லைசென்ஸ் கணக்கில் வருஷத்துக்கு இவ்வளவுதான் என்று இருக்கிற தோட்டாவில் பாதி காலி, அதுதான் காசைவிட வலித்தது. கடைசியில் நான் கோபப்பட்ட அந்தப் பெரியவர் தன் டப்பாவிலிருந்து பத்துத் தோட்டாவை எண்ணிக் கொடுத்து, "இதைப் போட்டுப் பாரு சாமி" என்றார். சாதாரண ஸ்டாண்டர்டு, மெழுகு பூசிப் பிசுபிசுவென்று இருந்தது. சுட்டால் சாட்டை அடிக்கிற சத்தம் இல்லை, 'டப்'பென்று அடங்கிப் போனது. பத்தும் ஒரு ரூபாய்க் காசுக்குள் நின்றது, அந்தத் திருகுகளில் நான் கை வைக்காமல் இருந்திருந்தால் இன்னும் நெருங்கியிருக்கும்.

குழி மூக்கு வேகத் தோட்டா மோசமான சரக்கு என்று சொல்லவில்லை. அமெரிக்காவில் முயல், அணில், ஆஸ்திரேலியாவில் முயல் என்று சட்டப்படி அடிக்கிறவர்களுக்கு, பட்டதும் குண்டு விரிந்து பிராணி தவிக்காமல் விழ வேண்டும், எலுமிச்சம்பழம் அளவு இடத்தில் பட்டால் போதும். அந்த வேலைக்குச் செய்தது அது. இங்கிலாந்தில் முயல் அடிக்கிறவர்கள் பலர் அதையும் விட்டு, ஒலி வேகத்துக்குக் கீழே போகிற குழி மூக்குக்கு வந்துவிட்டார்கள், சத்தம் கம்மி, பக்கத்தில் மேய்கிற முயல் ஓடாது. வேட்டைக்காரனே வேகத்தை விட்டுவிட்டான், காகிதத்தைச் சுடுகிற நமக்கு எதற்கு?

லாட் நம்பரைப் பார்க்காமல் வாங்குவது

லாட் என்றால் ஃபேக்டரியில் ஒரே தடவையில் செய்த தொகுதி. ஒரே பெயர், ஒரே நிறப் பெட்டி, ஆனால் வேறு லாட் என்றால் உங்கள் பேரலுக்கு, அதாவது துப்பாக்கிக் குழலுக்கு, அது வேறு தோட்டா. ஈலி (Eley) கம்பெனியின் டெனெக்ஸ் மாதிரி விலை கூடினவற்றில் அந்த லாட்டின் வேகத்தையே பெட்டியில் அச்சடித்திருப்பார்கள். மூன்று நாலு லாட்டில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, ரைஃபிளை மணல் மூட்டைமேல் வைத்து, காற்று எழும்புவதற்குள் காலையில் ஐந்து ஐந்தாகச் சுட்டுப் பாருங்கள். எது ஒட்டுகிறதோ அந்த லாட்டில் கையிருப்புக்கு ஏற்ற மாதிரி வாங்கிவிடுங்கள். விலை கூடினதுதான் ஒட்டும் என்றும் இல்லை, என் பேரலுக்கு நடுத்தர விலைத் தோட்டாதான் பிடித்திருக்கிறது.

வகை மாற்றினதும் முதல் குண்டுகளை நம்புவது

ஒவ்வொரு கம்பெனியின் மெழுகும் வேறு. பேரல் புதுசுக்குப் பழகப் பத்துப் பதினைந்து ரவுண்டு கொடுத்துவிட்டு அப்புறம் எண்ணுங்கள்.

மேட்ச் சேம்பரில் ஸ்டிங்கர்

சேம்பர் என்பது பேரலில் தோட்டா உட்காருகிற குழி. ஸ்டிங்கரின் கேஸ் மற்ற எல்ஆரைவிட நீளம். இறுக்கமான போட்டி ரைஃபிளில் போடவே கூடாது.

மேக்னம் சேம்பரில் எல்ஆர்

மேக்னம் என்பது பாயின்ட் 22இலேயே பெரிய கேஸ் உள்ள வேறு தோட்டா. அதன் சேம்பரில் எல்ஆரைப் போட்டால் கேஸ் கிழியும். அவ்வளவுதான்.

சித்திரை வெயிலில் கார் டிக்கியில் விடுவது

மெழுகு இளகும், தூசி ஒட்டும், அது பேரலுக்குள் போகும்.

வெடிக்காத தோட்டாவை உடனே வெளியே எடுப்பது

ரைஃபிளை டார்கெட் பக்கமே பிடித்துக்கொண்டு மனசுக்குள் முப்பது எண்ணுங்கள், அப்புறம் சேம்பரைத் திறக்கிற போல்ட்டைத் தொடலாம்.

அந்தத் திருப்பூர்த் தம்பிக்கு ரேஞ்ச் டப்பாவிலிருந்து பத்து ஸ்டாண்டர்டு கொடுத்தேன். சுட்டுவிட்டு டார்கெட் அட்டையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். "அப்ப இந்த நாலு பெட்டியை என்னுங்ண்ணா பண்றது?"

"நின்னு சுடறதுக்குப் பழகு தம்பி. உன் கை ஆடற ஆட்டத்துக்கு எந்தத் தோட்டாவும் ஒண்ணுதான்."