டீபக்கர் கமெண்ட்டில் எழுத்துப்பிழை திருத்தப் போகிறீர்களா?

கமெண்ட்டில் (கோடுக்கு நடுவே மனிதர்கள் படிக்க எழுதி வைக்கும் குறிப்பில்) கிடக்கும் எழுத்துப்பிழையைத் திருத்துவதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்கள், ஜிடிபியின் சோர்ஸ் கோடை ஒரு தடவை திறந்து பார்க்கலாம். (பொருளாதார ஜிடிபி இல்லை, க்னூ டீபக்கர்: ஓடும் புரோகிராமை நடுவில் நிறுத்திப் பிழை தேட உதவும் டூல்.) 1986-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுத ஆரம்பித்தது. அதற்கப்புறம் உலகம் முழுக்க எத்தனையோ பேர் கை வைத்திருக்கிறார்கள், அதில் பலருக்கு நம்மைப் போலவே ஆங்கிலம் வீட்டு மொழி கிடையாது, அதனால் பிழை இருக்கத்தான் செய்யும். அந்தக் கமெண்ட்டை யார் படிப்பார் என்றால், ராத்திரி ஒரு மணிக்கு பிரேக்பாயிண்ட்டில் (நிறுத்தச் சொன்ன வரியில்) புரோகிராம் ஏன் நிற்கவில்லை என்று மண்டையை உடைத்துக்கொண்டிருக்கும் ஒருவர்தான். அவரைத் தவறான பக்கம் திருப்ப ஒரே ஒரு எழுத்து போதும்.

இளந்தைக்குளம் ஐடி பார்க்கில் வேலை பார்க்கிறவரோ, திருப்பரங்குன்றம் பக்கம் இன்ஜினியரிங் படிக்கிறவரோ, ஓப்பன் சோர்ஸுக்குள் நுழைய இது நல்ல வாசல் என்பது என் கருத்து. ஆனால் எழுத்துப்பிழை பிடிக்கும் டூலை ஓட்டி வந்ததை அப்படியே அனுப்புவதாக இருந்தால் தயவுசெய்து வேண்டாம். 2020 அக்டோபரில் ஹேக்டோபர்ஃபெஸ்ட் (ஓப்பன் சோர்ஸுக்குத் திருத்தம் அனுப்பியவர்களுக்கு டி-ஷர்ட் தந்த நிகழ்வு) சமயத்தில் டி-ஷர்ட்டுக்காக ஆளாளுக்கு ரீட்மி கோப்பில் ஒரு வார்த்தையை மாற்றிக் குவித்ததும், பராமரிப்பாளர்கள் கொதித்துப் போனதும், கடைசியில் விருப்பப்பட்ட புராஜெக்ட்கள் மட்டும் சேரலாம் என்று விதியையே மாற்றியதும் தெரிந்திருக்கும். அந்தக் கூட்டத்தில் நம் நாட்டுப் பையன்கள் நிறைய. அந்தப் பெயரை இன்னும் கூட்ட வேண்டாம்.

சரி, வேலைக்கு வருவோம். கோடு இருப்பது சோர்ஸ்வேர் தளத்தில், பின்யூட்டில்ஸ்-ஜிடிபி என்ற ஒரே கிட் ரெப்போவில் (கோடும் அதன் மாற்ற வரலாறும் இருக்கும் களஞ்சியம்), பின்யூட்டில்ஸ் என்ற இன்னொரு க்னூ டூல் தொகுப்போடு சேர்ந்து. ரெப்போ பெரிது. ஒத்தக்கடை, மேலூர் பக்கம் மொபைல் ஹாட்ஸ்பாட்டை நம்பி இருப்பவர்கள் டெப்த் 1 என்று போட்டு இறக்காதீர்கள், வரலாறு வராது, அந்த வரலாறு பின்னால் தேவைப்படும். பதிலாக பிளாப்-நன் ஃபில்டர் வைத்துக் குளோன் செய்தால் கமிட் (பதிவு செய்த ஒவ்வொரு மாற்றமும்) வரலாறு முழுதாக வரும், பழைய கோப்புகள் கேட்கும்போது மட்டும் இறங்கும்.

அடுத்து எடிட்டரில் சேவ் செய்யும்போது தானாக ஃபார்மேட் செய்யும் வசதியை அணைத்துவிடுங்கள், வரிக் கடைசியில் இருக்கும் ஸ்பேஸை வெட்டுவதையும் சேர்த்துத்தான். ஜிடிபி கோடில் டேபும் ஸ்பேஸும் கலந்து இருக்கும், எட்டு ஸ்பேஸுக்கு ஒரு டேப். எடிட்டர் அதைச் 'சரி' செய்தால் ஓர் எழுத்தை மாற்றப் போய் டிஃப்பில் (எது மாறியது என்று காட்டும் பட்டியலில்) நானூறு வரி வந்து நிற்கும்.

பிழையைத் தேட கோட்ஸ்பெல் என்ற டூல் போதும். சாதாரண ஸ்பெல் செக்கர் தனக்குத் தெரியாத சொல்லையெல்லாம் பிழை என்று சொல்லும், கோடில் அப்படிப் பார்த்தால் எல்லாமே பிழைதான். கோட்ஸ்பெல் தலைகீழ்: அடிக்கடி வரும் தப்புகளின் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு அதில் இருப்பதை மட்டும் பிடிக்கும். 'அக்கர்ட்' என்பதில் ஓர் ஆர் குறைவது, 'செப்பரேட்' நடுவில் ஏ-க்குப் பதில் ஈ விழுவது, 'ரிசீவ்' சொல்லில் ஐ-யும் ஈ-யும் இடம் மாறுவது எல்லாம் சட்டென்று வந்துவிடும். பிழைக்கு ஒரே ஒரு திருத்தம் இருந்தால் மைனஸ் டபிள்யூ கொடுத்தவுடன் அதுவே எழுதிவிடும். இரண்டு மூன்று சாத்தியம் இருந்தால் தொடாது, நம்மிடமே விட்டுவிடும். நான் சொல்வது, மைனஸ் டபிள்யூவைத் தனியாகப் பயன்படுத்தவே வேண்டாம். மைனஸ் ஐ 3 சேர்த்து ஒவ்வொன்றாகக் கேட்க வையுங்கள். ஏனென்றால் கோட்ஸ்பெல்லுக்குக் கமெண்ட் எது, கோடு எது என்று தெரியாது. மாறியின் பெயரையும் 'திருத்தி' வைத்துவிடும்.

அது பிடிக்காத ரகம் ஒன்று உண்டு: 'த த' என்று ஒரே சொல் அடுத்தடுத்து வருவது. வரி உடையும் இடத்தில் இது நிறைய ஒளிந்திருக்கும், முதல் 'த' மேல் வரியின் கடைசியில், இரண்டாவது கீழ் வரியின் தொடக்கத்தில். ஒரே வரிக்குள் இருப்பதை கிட் கிரெப் என்ற தேடல் கட்டளை பிடிக்கும், வரி தாண்டியதைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும். 'தட் தட்', 'ஹேட் ஹேட்' இரண்டும் சரியான ஆங்கிலமாகவும் இருக்கலாம், அவசரப்படாதீர்கள்.

இனிமேல்தான் உண்மையான வேலை. ஒரு கமெண்ட்டில் 'த திரெட் இஸ் நோ ஸ்டாப்ட்' என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 'நோ' சரியான சொல் என்பதால் எந்த டூலும் சொல்லாது. படிக்கும் நமக்குப் பிழை என்று தெரிகிறது, ஆனால் அது 'நாட்'-ஆ, 'நவ்'-ஆ? ஒன்று திரெட் (புரோகிராமுக்குள் தனியாக ஓடும் இழை) நிற்கவில்லை என்கிறது, இன்னொன்று இப்போது நின்றுவிட்டது என்கிறது. நேர் எதிர். உசிலம்பட்டியில் இருக்கும் என் சித்தப்பா பையனிடம் இப்படி ஒன்றைக் காட்டியபோது "ஏதோ ஒண்ணு போட்டுட்டாப் போச்சுண்ணே, கமெண்ட்டுதானே, ஓடவா போகுது?" என்றான். ஓடாதுதான், அதனால்தான் ஆபத்து. கோடில் தப்பாகப் போட்டால் கம்பைலரோ டெஸ்ட்டோ கத்தும், கமெண்ட்டில் தப்பாகப் போட்டால் யாரும் கத்த மாட்டார்கள், முன்பு குழப்பமாக இருந்த வரி இப்போது தெளிவாகப் பொய் சொல்லும். எனவே கீழே இருக்கும் இஃப் நிபந்தனையைப் படியுங்கள், அந்த ஃபங்ஷனை யார் அழைக்கிறார்கள் என்று பாருங்கள், ஒவ்வொரு வரியும் எப்போது வந்தது என்று காட்டும் கிட் பிளேமில் அந்த வரி வந்த கமிட்டைத் திறந்து அதன் செய்தியைப் படியுங்கள். பெரும்பாலும் விடை அங்கே இருக்கும். இல்லையென்றால் அந்த வரியை விட்டுவிடுங்கள். சில நேரம் எழுத்துப்பிழையைத் தேடிப் போய், கமெண்ட்டே காலாவதியாகிவிட்டது, கோடு வேறு மாதிரி மாறிவிட்டது என்று தெரியவரும். அது தனி பேட்ச் (அனுப்பும் திருத்தத் தொகுப்பு), இதில் கலக்காதீர்கள்.

பிழை மாதிரித் தெரிந்து பிழை இல்லாதவையும் உண்டு. கமெண்ட் நடுவில் ஒரு சொல் முழுக்கப் பெரிய எழுத்தில் கத்திக்கொண்டிருந்தால் அது ஃபங்ஷனுக்கு வரும் ஆர்கியூமெண்ட்டின் மதிப்பைக் குறிக்கும் க்னூ வழக்கம். முற்றுப்புள்ளிக்குப் பின் இரண்டு ஸ்பேஸ் இருப்பதும் வழக்கம்தான், ஒன்றாக்காதீர்கள், நீங்கள் புதிதாக எழுதினாலும் இரண்டே வையுங்கள். 'இன்ஃபீரியர்' என்று பக்கத்துக்குப் பக்கம் வரும், யாரையும் தாழ்த்தவில்லை, டீபக் செய்யப்படும் புரோகிராமுக்கு அங்கே அதுதான் பெயர். அப்புறம் நம் பள்ளிக்கூடத்தில் படித்த 'பிஹேவியர்', 'கலர்' எல்லாம் யூ போட்ட பிரிட்டிஷ் எழுத்து. எந்தப் பக்கம் இருந்தாலும் அது பிழை இல்லை, தொடாதீர்கள். இதைத் தொட்டால் வாக்குவாதம்தான் மிஞ்சும்.

தொடவே கூடாத இடங்களும் இருக்கின்றன. மாற்றங்களைப் பட்டியலிடும் பழைய சேஞ்ச்லாக் கோப்புகள் வரலாறு, இருந்தபடியே இருக்கட்டும். ரீட்லைன், க்னூலிப் போன்ற லைப்ரரிகள் வெளியிலிருந்து கொண்டுவந்து வைத்தவை; இங்கே திருத்தினால் அடுத்த தடவை புதுப்பிக்கும்போது காணாமல் போகும், அதனதன் மூலத்தில் திருத்த வேண்டும். லிபைபர்ட்டி என்ற லைப்ரரி ஜிசிசிக்காரர்கள் (க்னூ கம்பைலர் செய்பவர்கள்) வீட்டுச் சொத்து. கன்ஃபிகர் மாதிரி தானாக உருவாகும் கோப்புகளில் கை வைக்காமல், அதை உருவாக்கும் கோப்பில் திருத்தி மறுபடி உருவாக்குங்கள். மேற்கோள் குறிக்குள் இருக்கும் செய்திகள் பயனருக்குத் தெரிபவை, டெஸ்ட்கள் அதே எழுத்தை எதிர்பார்த்து நிற்கும், கமெண்ட் பேட்சோடு சேர்க்காதீர்கள். ஃபங்ஷன் பெயரில் பிழை இருந்தால் பெருமூச்சு விட்டுவிட்டு நகருங்கள். யூனிக்ஸில் 'கிரியேட்' கடைசி ஈ இல்லாமலேயே இத்தனை வருடம் ஓடுகிறது, 1996-இல் எச்டிடிபி 1.0 ஆவணத்தில் ஓர் ஆர் குறைந்து அச்சேறிய 'ரெஃபரர்' தலைப்பு இன்றும் எல்லா பிரவுசரிலும் அப்படியேதான் போகிறது.

ரொம்பப் பேர் கவனிக்காத பொறி டெஸ்ட்சூட்டில் இருக்கிறது. ஜிடிபியின் டெஸ்ட் புரோகிராம்களில் 'செட் பிரேக்பாயிண்ட் 1 ஹியர்' மாதிரி கமெண்ட்கள் வரும். பார்த்தால் சும்மா குறிப்பு மாதிரி இருக்கும், ஆனால் பக்கத்தில் இருக்கும் டிசிஎல் ஸ்கிரிப்ட், எந்த வரியில் பிரேக்பாயிண்ட் வைக்க வேண்டும் என்று அந்தக் கமெண்ட்டின் வாசகத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்கும். அதில் ஒரு எழுத்தைத் திருத்தினாலும் டெஸ்ட் உடையும். போதாததற்கு சில பழைய டெஸ்ட்கள் வரி எண்ணையே நேரடியாக நம்பியிருக்கும், கமெண்ட் ஒரு வரி நீண்டாலும் எண் நகர்ந்துவிடும். இந்த டைரக்டரியில் எதையாவது திருத்தினால் அந்த வாசகம் ஸ்கிரிப்டில் இருக்கிறதா என்று கிரெப் செய்து, இரண்டு இடத்திலும் மாற்றி, அந்த டெஸ்ட்டை ஓட்டிப் பார்த்த பிறகே கமிட் செய்யுங்கள்.

திருத்தி முடித்ததும் கிட் டிஃப்பை வேர்ட்-டிஃப் வைத்துப் பாருங்கள், மாறிய சொல் மட்டும் தெரியும். கல்யாணப் பத்திரிகை ப்ரூஃப் வந்தால் வீட்டுப் பெரியவர்கள் விரலை வைத்து ஒவ்வொரு பெயராகப் படிப்பார்களே, அந்த வேகம் போதும். கமெண்ட் தவிர வேறு எதுவும் மாறவில்லை என்று உறுதி செய்ய ஒரு வழி: ஜிசிசிக்கு எஃப்-ப்ரீப்ராசஸ்ட், டிடி (இரண்டாவது டி பெரிய எழுத்து), பெரிய ஈ, பெரிய பி ஆகிய நான்கு ஆப்ஷன்களைக் கொடுத்தால் கமெண்ட்டை உரித்துவிட்டு மிச்சக் கோடைத் தரும். பழைய கோப்பையும் புதிய கோப்பையும் இப்படி உரித்து, வெற்று வரிகளைக் கணக்கில் எடுக்காமல் ஒப்பிட்டால் வித்தியாசம் எதுவும் வரக் கூடாது. கோப்பின் பெயர் சி என்று முடிந்தாலும் ஜிடிபி கோடு சி++ தான் (2017-இல் வந்த 8.0 பதிப்பு சி++11 இல்லாமல் கம்பைலே ஆகாது, இப்போது சி++17 வேண்டும்), எனவே மொழியை சி++ என்று சொல்லிவிடுங்கள். திருத்தத்தால் வரி நீண்டால் 80 எழுத்தைத் தாண்டக் கூடாது, 74-க்குள் நிறுத்தினால் நல்லது. அதற்காகப் பத்தி முழுவதையும் மறுபடி மடிக்காதீர்கள், படிப்பவருக்கு எது மாறியது என்றே தெரியாமல் போகும்.

முதல் பேட்ச் சின்னதாக இருக்கட்டும். கணிசமாக எழுதுபவர்களிடம் பதிப்புரிமையை எழுதிக் கொடுக்கும் காகிதம் கேட்பது அங்கே வழக்கம், ஆனால் க்னூ கணக்கில் சுமார் 15 வரிக்குள் இருக்கும் மாற்றத்துக்கு அது தேவைப்படாது. தலைப்பில் எந்தக் கோப்பு, என்ன திருத்தம் என்று ஒரு வரி போதும். 'நோ'வை 'நவ்' ஆக்கியது போல யோசித்துச் செய்த திருத்தம் என்றால் மட்டும் ஏன் என்று இரண்டு வரி எழுதுங்கள்.

கிட்ஹப்பில் புல் ரிக்வெஸ்ட் போட்டுக் காத்திருக்காதீர்கள், பேட்ச் போவது ஜிடிபியின் பேட்ச் அஞ்சல் பட்டியலுக்கு மின்னஞ்சலில், கிட் சென்ட்-ஈமெயில் என்ற கட்டளை வழியாக. ஜிமெயில் என்றால் ஆப் பாஸ்வேர்ட் எடுத்துக்கொண்டு, முதலில் உங்களுக்கே அனுப்பி, வந்த அஞ்சலை கிட் ஏஎம் (அஞ்சலில் வந்த பேட்சைக் கோடில் சேர்க்கும் கட்டளை) கொடுத்துப் பாருங்கள், ஒட்டினால் சரி. கம்பெனி மெயிலிலிருந்து அனுப்பினால் அடியில் ரகசியம் அது இதென்று ஒரு பத்தி ஒட்டிக்கொண்டு போகும், சொந்த முகவரியே நல்லது. கமிட் உரிமை இருப்பவர்கள் 'வெளிப்படையான திருத்தம்' என்றால் யாரையும் கேட்காமலே சேர்க்கலாம் என்று ஜிடிபியில் ஒரு விதி இருக்கிறது. அதற்கு அவர்கள் எழுதி வைத்திருக்கும் சோதனை, உங்கள் வேலையை ரொம்ப வெறுக்கும் ஆள்கூட இதில் குறை கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான். அந்த உரிமை இல்லாத நாமும் இதே கேள்வியைக் கேட்டுவிட்டு அனுப்பினால் பதில் சீக்கிரம் வரும். திருத்தச் சொன்னால் வி2 என்று போட்டு மறுபடி அனுப்புங்கள், என்ன மாற்றினீர்கள் என்பதை மூன்று கோட்டுக்குக் கீழே எழுதுங்கள், கமிட் செய்தியில் அது ஏறாது. இரண்டு வாரம் சத்தமே இல்லையென்றால் அதே அஞ்சலுக்குப் பதிலாக 'பிங்' என்று ஒரு வரி போடலாம், அங்கே யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.