புரைக்குப் பின்னால் என்ன இருக்கிறது: பெரியவர்களின் கண்ணைப் பரிசோதிக்கும் வரிசை

உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ வரும் அறுபது வயதுக்காரர் உட்கார்ந்ததும் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "புகைமூட்டமாத் தெரியுதுங்க, புரையான்னு பாருங்க." 1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய மதுரை இது. முகாமும் லென்ஸ் வைப்பதும் இங்கே வீட்டுப் பேச்சு. கண்ணை முதலில் பரிசோதிக்கும் நம் ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. ஸ்லிட் லேம்ப்பில் (ஒளிக்கோடு விழவைத்துக் கண்ணைப் பெரிதாகக் காட்டும் கருவி) புரை தெரிந்த உடனே காரணம் கிடைத்துவிட்டது என்று பரிசோதனையை நிறுத்திவிடுகிறோம். அதே கண்ணில் கண் நீர் அழுத்த நோயோ (கிளாக்கோமா), விழித்திரையின் நடுப்பகுதியான மேக்குலாவின் தேய்மானமோ இருந்தால், ஆபரேஷன் முடிந்த பிறகுதான் "இன்னும் ஏன் தெரியலை?" என்ற கேள்வி வரும்.

இதைத் தவிர்க்க விலை உயர்ந்த கருவி தேவையில்லை. வரிசை தவறாமல் பார்த்தால் போதும். கண்ணை விரிக்கும் சொட்டு விழுந்துவிட்டால் சில பரிசோதனைகளை அன்றைக்குச் செய்யவே முடியாது.

சொட்டுக்கு முன்

ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாகப் பார்வை எடுங்கள், பிறகு பின்ஹோல் (சிறு துளை வழியே பார்க்க வைப்பது). 6/24 இருந்த கண் பின்ஹோலில் 6/9 வந்தால் குறை பெரும்பாலும் பவரில். ஏறாமல் நின்றாலோ இறங்கினாலோ லென்ஸின் நடுவிலோ மேக்குலாவிலோ கோளாறு தேடுங்கள். "இப்பல்லாம் கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறேன்" என்று சந்தோஷமாகச் சொல்பவருக்கு லென்ஸின் கரு பழுத்து மைனஸ் பவர் ஏறியிருக்கலாம். அப்படிப்பட்டவருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை கண்ணாடி மாற்றித் தருவது வீண் செலவு, புரைக்கு அனுப்புங்கள். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவருக்கும் பவர் அலைபாயும், அது அடங்கிய பிறகு எழுதுவதே நியாயம்.

அடுத்தது டார்ச். நாம் அதிகம் தாவிப்போகும் பரிசோதனை இதுதான். அறையை இருட்டாக்கி, தூரத்தில் ஒரு புள்ளியைப் பார்க்கச் சொல்லி, ஒரு கண்ணில் மூன்று விநாடி வெளிச்சம், சட்டென்று மறு கண்ணுக்கு மாற்றி அங்கே மூன்று விநாடி. நாலைந்து முறை செய்யுங்கள். வெளிச்சம் வந்ததும் சுருங்க வேண்டிய கண் பாப்பா விரிந்தால், அந்தக் கண்ணின் பார்வை நரம்பிலோ விழித்திரையிலோ பெரிய பாதிப்பு இருக்கிறது. எவ்வளவு முற்றிய புரையும் தன் கண்ணில் இந்தக் குறியை உண்டாக்காது. ஆகவே புரையோடு இந்தக் குறியும் இருந்தால், "லென்ஸ் வைத்தால் நன்றாகத் தெரியும்" என்று நீங்கள் வாக்குக் கொடுக்கக் கூடாது.

ஆம்ஸ்லர் கட்டத்தையும் (நடுவில் புள்ளியுள்ள கட்டக்கோட்டுத் தாள்; மேக்குலா கெட்டால் கோடு வளைந்து தெரியும்) இப்போதே காட்டிவிடுங்கள். படிக்கும் கண்ணாடி போட்டு, 30 செ.மீ. தூரத்தில், ஒரு கண்ணை மூடி, நடுப்புள்ளியை மட்டும் பார்க்க வேண்டும். கட்டம் புரியாதவரிடம் "கிரில் கேட் கம்பி வளைஞ்சு தெரியுதாம்மா?" என்று கேட்டால் பதில் தெளிவாக வரும்.

பிறகு முன்னறையின் (கருவிழிக்கும் ஐரிஸுக்கும் இடையிலான இடம்) ஆழம். ஸ்லிட் லேம்ப் வெளிச்சத்தை 60 டிகிரி சாய்த்து, மெல்லிய கோடாக, கருவிழியின் காதுப்பக்க ஓரத்தில் விழ வையுங்கள். கருவிழித் தடிமனில் கால்பங்கோ அதற்கும் குறைவாகவோ இருட்டு இடைவெளி தெரிந்தால் ஓரத்தில் கண் நீர் வடியும் கோணம் குறுகல். அவருக்குக் கோனியோஸ்கோப்பி (லென்ஸ் வைத்து அந்தக் கோணத்தையே பார்ப்பது) பார்க்காமல் கண்ணை விரிக்கும் சொட்டுப் போடாதீர்கள். கோனியோ பார்க்கும்போது அறை இருட்டாகவும் ஒளிக்கோடு குட்டையாகவும் இருக்கட்டும். வெளிச்சம் கண் பாப்பாவில் பட்டால் அது சுருங்கி, மூடிய கோணமும் திறந்ததுபோல் ஏமாற்றும்.

அழுத்தம் எடுப்பதில் வரும் பிழைகள்

கண் அழுத்தம் அளக்கும் கோல்ட்மேன் டோனோமீட்டரில் தவறான எண் வருவதற்குக் கருவி பழுதாவதைவிட நம் கைதான் அடிக்கடி காரணம். 0.5 சதவீத ப்ரோபராகைன் (கண்ணை மரக்கவைக்கும் மருந்து) ஒரு சொட்டு விட்டு, ஃப்ளோரசின் சாய ஸ்ட்ரிப்பை லேசாகத் தொட்டு எடுங்கள். சாயம் அதிகமானால் கருவியில் தெரியும் வளையம் தடித்து அழுத்தம் கூடுதலாகக் காட்டும், குறைந்தால் வளையம் மெலிந்து குறைவாகக் காட்டும். இரண்டு அரைவட்டங்களின் உள்விளிம்புகள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் டயலைப் படித்து, பத்தால் பெருக்குங்கள்.

இமையைத் தூக்கும் விரல் எலும்பின் மேல் இருக்க வேண்டும், கண்மேல் அழுத்தினால் எண் ஏறிவிடும். சட்டைக் கழுத்துப் பொத்தானை அவிழ்க்கச் சொல்லுங்கள். பயத்தில் மூச்சை அடக்குபவர் பலர். "அய்யா, என் காதையே பாருங்க, மூச்சை நல்லா விடுங்க" என்று சொல்லிவிட்டுத் தொடுங்கள். சிலிண்டர் பவர் (கருவிழி சமமாக வளையாததற்கானது) 3 டயாப்டருக்கு மேல் இருந்தால், கருவிழியைத் தொடும் ப்ரிஸத்தில் சிவப்புக் கோட்டை மைனஸ் சிலிண்டரின் அச்சுக்குத் திருப்பி வைத்து எடுக்க வேண்டும்.

ஒவ்வொருவருக்கும் பிறகு ப்ரிஸத்தைக் கிருமி நீக்கி, தண்ணீரில் அலசி, நன்றாக உலர்த்துங்கள். மிச்சமிருக்கும் மருந்து கருவிழியின் மேல்தோலை அரித்துவிடும். எண்ணோடு நேரத்தையும் எழுதுங்கள், அழுத்தம் நாளுக்குள்ளேயே ஏறி இறங்கும்.

சொட்டுக்குப் பின்

டிராபிகாமைடு 0.8, ஃபினைலெஃப்ரின் 5 சதவீதம் சேர்ந்த சொட்டுதான் பெரும்பாலும் கையில் இருக்கும். நெஞ்சு வலி உள்ளவருக்கும் ரத்த அழுத்தம் ஏறி வந்தவருக்கும் அதைத் தவிர்த்து வெறும் டிராபிகாமைடு போடுங்கள். சில மணி நேரம் கண் கூசும், டூ வீலர் ஓட்டக் கூடாது என்று முன்பே சொல்லுங்கள். அன்று மாலை கண்வலி, தலைவலி, வாந்தி என்று ஏதாவது வந்தால் விடியும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியே அனுப்ப வேண்டும்.

90 டி லென்ஸில் டிஸ்கை (பார்வை நரம்பு தொடங்கும் வட்டம்) பார்க்கும்போது முதலில் அதன் அளவை எடுங்கள். ஒளிக்கோட்டின் உயரத்தை டிஸ்குக்குச் சரியாக வைத்து, அந்த எண்ணை 1.3-ஆல் பெருக்கினால் போதும். பெரிய டிஸ்கில் 0.7 கப் (டிஸ்க் அளவில் நடுப்பள்ளம் எத்தனை பங்கு என்ற எண்) இயல்பாக இருக்கலாம். சின்ன டிஸ்கில் 0.5-கூட நோயாக இருக்கலாம். எண்ணைவிட விளிம்பு முக்கியம்: மேலோ கீழோ ஓரிடத்தில் பள்ளம், விளிம்பில் கீற்றுப்போல ரத்தக் கசிவு, இரு கண்ணுக்கும் 0.2-க்கு மேல் வித்தியாசம். இதில் ஒன்று இருந்தாலும், அழுத்தம் 16 என்று இயல்பாகக் காட்டினாலும் அனுப்புங்கள்.

மேக்குலாவில் மஞ்சள் படிவுகள் டிஸ்க் ஓரத்து ரத்தக்குழாயின் அகலத்துக்கு இருந்தால் பெரிய டிரூசன். லூட்டின் 10 மி.கி., ஸியாசாந்தின் 2 மி.கி., வைட்டமின் சி, ஈ, துத்தநாகம், தாமிரம் சேர்ந்த மாத்திரை மேக்குலா தேய்மானத்தின் இந்த இடைநிலையில்தான் பயன் தரும். படிவே இல்லாதவருக்கு எழுதித்தர வேண்டாம். கோடு வளைவது புதிதாக வந்திருந்தாலோ ரத்தமோ நீரோ தெரிந்தாலோ ஊசி போட வேண்டிய வகை. அன்றோ மறுநாளோ விழித்திரை மருத்துவரிடம் போய்ச் சேர வேண்டும்.

அனுப்பிய பிறகு

கண் நீர் அழுத்த நோய்க்கு மருந்தைத் தொடங்குவது கண் மருத்துவர். ஆனால் தொடர்ந்து போடவைப்பது பெரும்பாலும் உங்கள் கையில்தான். "சொட்டுப் போட்டும் பார்வை ஏறலை" என்று நிறுத்திவிடுவார்கள். போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றத்தான் சொட்டு என்பதை வீட்டாரையும் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். உங்கள் முன்னால் அவரையே போட வையுங்கள்: ஒரே சொட்டு, கண்ணை மூடி, மூக்கோரத்தை இரண்டு நிமிடம் அழுத்தி, அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிட இடைவெளி. டிமோலால் சொட்டுப் போடுபவருக்கு இழுப்பு (ஆஸ்துமா) உண்டா என்று விசாரியுங்கள், இருந்தால் உடனே மருத்துவருக்குத் தெரிவியுங்கள்.

மெடிக்கல் கடையில் சிவப்புக்கு வாங்கிய சொட்டைத் தொடர்ந்து விடுகிறாரா என்றும் கேளுங்கள். ஸ்டீராய்டு கலந்திருந்தால் அழுத்தம் ஏறுவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம், பாட்டிலைக் கொண்டுவரச் சொல்லிப் பாருங்கள். அழுத்தம் குறைக்கும் லட்டனோபிராஸ்ட் சொட்டுகள் சிலவற்றைக் குளிரில் வைக்க வேண்டும். நம் ஊர் சித்திரை வெயிலில் அலமாரியில் கிடந்தால் வீரியம் போய்விடும். லேபிளைப் படித்துச் சொல்லி, திறந்த தேதியைப் பாட்டில் மேலேயே பேனாவால் எழுதிக் கொடுங்கள். கண் நீர் அழுத்த நோய் உறுதியானவரின் கூடப்பிறந்தவர்களையும், நாற்பது தாண்டிய பிள்ளைகளையும் பெயர் கேட்டு அதே சீட்டில் குறித்து, அடுத்த முறை கூட்டிவரச் சொல்லுங்கள்.