வடை சுட்ட எண்ணெயை பயோடீசலுக்குக் கொடுப்பது எப்படி?

எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சூடாக்கும்போது அது சிதைந்து உருவாகும் பொருட்களுக்கு மொத்தப் போலார் சேர்மங்கள் என்று பெயர். அவை 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் சமைக்கக் கூடாது. 2018 ஜூலை 1 முதல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி இது. கழிந்த எண்ணெயைச் சேகரித்து, அதிலிருந்து பயோடீசல் என்ற வண்டி எரிபொருள் தயாரிக்கும் ஆலைக்கு அனுப்பும் 'ரூகோ' திட்டமும் அதே ஆண்டு ஆகஸ்டில் வந்தது. வீட்டில் இந்தச் சதவீதத்தை அளக்க மீட்டர் கிடையாது; எண்ணெய் கறுத்து, பிசுபிசுத்து, நுரை அடங்காமல் பொங்கினால் அதன் வேலை முடிந்தது.

1. அடுப்பை அணைத்து முழுதாக ஆற விடுங்கள். சூட்டோடு ஊற்றினால் பிளாஸ்டிக் கேன் நெளிந்துவிடும். இரண்டு மணி நேரம் அசைக்காமல் வைத்தால் கசடும் அடியில் தங்கும்.

2. காய்ந்த மெல்லிய துணியை இரண்டாக மடித்துப் புனலில் போட்டு, மேலாக இருக்கும் தெளிந்த எண்ணெயை மெதுவாகச் சாய்த்து வடிகட்டுங்கள். அடிக் கசடை காகிதத்தில் வழித்துக் குப்பையில் போடுங்கள், சிங்க்கில் வேண்டாம். வெந்நீர் விட்டால் போய்விடும் என்பார்கள். குழாயில் கொஞ்ச தூரம் போய் ஆறியதும் மறுபடி படியும், அவ்வளவுதான்.

3. சேமிக்கும் கேனில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இருக்கக் கூடாது. பலரும் தவறுவது இங்கேதான். கழுவிய கேனை அரைகுறையாகக் காயவைத்து அதிலேயே ஊற்றிவிடுகிறார்கள். ஆலையில் எண்ணெயோடு மெத்தனால் என்ற ஆல்கஹாலையும் காஸ்டிக் சோடா போன்ற காரத்தையும் சேர்த்து, அதை பயோடீசலாகவும் கிளிசரினாகவும் பிரிப்பார்கள். தண்ணீர் இருந்தால் காரம் எண்ணெயைச் சோப்பாக்கிவிடும். பயோடீசலும் கிளிசரினும் பிரியாமல் குழம்பி நிற்கும். சந்தேகமா? ஒரு தேக்கரண்டி எண்ணெயைத் தள்ளி நின்று சூடாக்குங்கள். சடசடவென்று பொரிந்தால் ஈரம் இருக்கிறது. கேனை இரண்டு நாள் அசைக்காமல் வைத்து, மேல் எண்ணெயை மட்டும் வேறு கேனுக்கு மாற்றுங்கள்.

4. கேனின் வாயில் இரண்டு விரல் இடம் விட்டு மூடி, நிழலில் வையுங்கள். வண்டி ஆயில், மண்ணெண்ணெய் எதையும் கலக்காதீர்கள். கலந்தால் மொத்தமும் வீண்.

5. ஒரு வீட்டில் சேர்வது கொஞ்சம்தான். குடியிருப்பில் பொதுவாக ஒரு 20 லிட்டர் கேன் வைத்து, நிறைந்ததும் பதிவு பெற்ற சேகரிப்பாளரைக் கூப்பிடுங்கள். யாரென்று தெரியாவிட்டால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் விசாரிக்கலாம். எடை போட்டு ரசீது வாங்குங்கள். ரசீது இல்லாமல் கூடுதல் காசு தருகிறேன் என்று வருபவரிடம் கொடுக்காதீர்கள். அந்த எண்ணெய் வேறொரு கடை வாணலிக்கே திரும்பலாம்.

கடை நடத்துபவர்களுக்கு இன்னொன்று: பொரிக்க ஒரு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் செலவானால், எவ்வளவு வாங்கினீர்கள், எவ்வளவு கழித்தீர்கள், யாரிடம் கொடுத்தீர்கள் என்று பதிவேடு வைப்பது கட்டாயம்.