கஞ்சாக் கூடத்தில் பாதி வேலை காற்றோடு, மீதி பேனாவோடு

உரிமம் பெற்ற உள்ளரங்கக் கஞ்சாக் கூடத்துக்குள் முதல் தடவை போகிறவர்கள் எல்லோரும் செடியைத்தான் பார்ப்பார்கள். நான் கூட்டிப்போனால் முதலில் கூரையைப் பார்க்கச் சொல்வேன், அங்கே தொங்கும் டீஹியூமிடிஃபையர்கள், அதாவது காற்றிலிருந்து ஈரத்தைப் பிழியும் இயந்திரங்கள்தான் அந்த இடத்தின் விவசாயிகள். செடி பாட்டுக்கு வளரும், களைச்செடி மாதிரி வளரும். அதைச் சுற்றியிருக்கிற காற்றை ஒழுங்காக வைப்பதும், செய்த ஒவ்வொன்றையும் எழுதி வைப்பதும்தான் சம்பளத்துக்கான வேலை. இந்தத் துறையில் வேலைக்குப் போகிறவர்களுக்கும், கூடம் கட்டலாமா என்று யோசிக்கிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

முதலில் உரிமம். கஞ்சாவை அனுமதித்து உருகுவே 2013-இல் சட்டம் போட்டது, கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் நடைமுறைக்கு வந்தது, அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. உரிமம் இல்லாமல் வணிகத்துக்கு வளர்த்தால் குற்றம், அதில் பேச ஒன்றுமில்லை. உரிமம் தரும் இடங்களில் எந்தக் கதவுக்கு யாரிடம் சாவி, கேமரா எந்த மூலையைப் பார்க்கிறது, வெளியே போகும் காற்று கரி வடிகட்டி வழியாகப் போகிறதா, கழிவை எப்படி அழிப்பீர்கள் என்றெல்லாம் கேட்பார்கள். அதனால் விதிப்புத்தகத்தைப் படித்த பிறகு வரைபடம் போடுங்கள். சுவரைக் கட்டிவிட்டு விதியைப் படித்தவர்கள் அப்புறம் சுவரை இடித்ததைப் பார்த்திருக்கிறேன்.

வரைபடத்தில் ஒரே ஒரு விஷயம் முக்கியம்: ஆளும் செடியும் சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்கான பக்கத்துக்கு மட்டுமே நகர வேண்டும். தாய்ச்செடி அறை, கன்று அறை, வளர்ச்சி அறை, பூ அறை, உலர்த்தும் அறை, பொதி கட்டும் அறை என்று வரிசை. காலையில் பூ அறையில் வேலை பார்த்தவர் மத்தியானம் தாய்ச்செடி அறைக்குப் போகக்கூடாது, போயே ஆக வேண்டுமென்றால் குளித்து உடை மாற்றிப் போக வேண்டும். வெளியிலிருந்து வரும் புதுக் கன்றுகளுக்குத் தனி அறை, தனிக் கத்தரிக்கோல், அங்கே சில வாரம் காவல். எரிச்சலாகத்தான் இருக்கும்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? வணிகக் கூடங்களில் பெரும்பாலும் விதை போடுவதில்லை. சந்தைக்கு வேண்டியது பெண் செடியின் மகரந்தம் படாத பூ. விதையில் ஆண் செடி வரலாம், ஒவ்வொன்றும் ஒரு மாதிரி வளரலாம். அதனால் ஒரு நல்ல தாய்ச்செடியிலிருந்து கொப்பு வெட்டி வேர் பிடிக்க வைப்பார்கள். எல்லாக் கன்றும் அச்சு வார்த்தது போல வரும், அதே மாதிரி தாயின் நோயும் எல்லாக் கன்றுக்கும் போகும். ஹாப் லேட்டன்ட் வைராய்டு என்று ஒன்று இருக்கிறது, வைரஸை விடச் சின்னது. தாய்ச்செடியில் அறிகுறியே தெரியாமல் கிடக்கும், பூ அறைக்குப் போன பிறகுதான் செடி குட்டையாகி, பூ சிறுத்து, பிசின் குறைந்து நிற்கும். வெட்டும் கத்தியில்தான் அதிகம் பரவுகிறது. ஒவ்வொரு தாய்க்கும் இடையில் கத்தியை ப்ளீச் கரைசலில் முக்குங்கள். தாய்ச்செடிகளிலிருந்து அவ்வப்போது மாதிரி எடுத்து பிசிஆர் சோதனைக்கு (நோய்க்கிருமியின் மரபணுத் தடயத்தைத் தேடும் ஆய்வகச் சோதனை) அனுப்புங்கள். சோதனைச் செலவை மிச்சம் பிடிக்கிறேன் என்று மேலாளர் சொன்னால், ஒரு பூ அறை முழுதும் சுருங்கினால் என்ன நட்டம் என்று கணக்குப் போட்டுக் காட்டுங்கள், பேச்சு நின்றுவிடும்.

அப்புறம் வெளிச்சம். இது பகல் குறைந்தால் பூக்கும் செடி. 18 மணி நேரம் விளக்கு எரிந்தால் இலை விட்டுக்கொண்டே இருக்கும், 12 மணி நேரமாகக் குறைத்தால் பூக்கத் தொடங்கும், அங்கிருந்து ரகத்தைப் பொறுத்து 8 முதல் 10 வாரம். அந்த 12 மணி நேர இருட்டு நிஜமான இருட்டாக இருக்க வேண்டும். உள்ளே நின்று கதவைச் சாத்திக்கொண்டு, கண் பழக ஐந்து நிமிடம் கொடுத்துச் சுற்றிப் பாருங்கள். கதவின் அடியில் ஒரு கோடு தெரியும், ஏதோ ஒரு இயந்திரத்தின் முகப்பில் குட்டி விளக்கு ஒன்று சிவப்பாக மினுக்கும். எல்லாவற்றிலும் கறுப்பு டேப் ஒட்டுங்கள். இருட்டு கெட்டால் பெண் செடியிலேயே ஆண் பூ வரக்கூடும், அது வந்தால் மகரந்தம், மகரந்தம் வந்தால் விதை, சரக்கு போச்சு. இருட்டில் உள்ளே போயே ஆக வேண்டுமென்றால் மங்கலான பச்சை விளக்கோடு போவது வழக்கம்.

பழைய சோடியம் விளக்கிலிருந்து எல்இடிக்கு மாறும்போது எல்லோரும் செய்யும் தவறு, அறையின் வெப்பத்தைப் பழையபடியே வைப்பது. சோடியம் விளக்கு இலையைச் சுட்டது, எல்இடி அவ்வளவு சுடாது, அதனால் அறையை ஒன்றிரண்டு டிகிரி கூட்ட வேண்டியிருக்கும். வெளிச்சத்தை ஏற்றினால் கார்பன் டை ஆக்சைடையும் ஏற்றுவார்கள். வெளிக்காற்றில் 400 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற அளவு) கொஞ்சம் மேலே இருப்பது, பூ அறையில் 1000, 1200 வரை போகும். இந்த அளவு ஆளுக்கு ஆபத்தில்லை. ஆனால் குழாய் கசிந்தால் ஆபத்து, வாசனையும் வராது, நிறமும் தெரியாது. 8 மணி நேர வேலைக்கு 5000 பிபிஎம் என்பதுதான் பல இடங்களில் எல்லை. அலாரம் அறைக்கு வெளியேயும் இருக்க வேண்டும், உள்ளே போய்த்தான் தெரிந்துகொள்ள முடியும் என்றால் அது அலாரமே இல்லை.

சரி, காற்றுக்கு வருவோம். ஒரு அறையில் 500 செடி, ஒவ்வொன்றும் நாளைக்கு 3 லிட்டர் குடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், 1500 லிட்டர். ராக்வூலிலோ (பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சு) தென்னை நார்க்கழிவிலோ சொட்டுக் குழாய் வழியாக உரநீர் போகிறது. செடி குடித்த தண்ணீரில் உடம்பில் தங்குவது கொஞ்சம்தான், மீதி எல்லாம் இலை வழியாகக் காற்றுக்கு வந்துவிடும். ஆக, வடிந்தது போக நீங்கள் எவ்வளவு ஊற்றுகிறீர்களோ கிட்டத்தட்ட அவ்வளவையும் காற்றிலிருந்து பிழிந்து எடுக்க வேண்டும். டீஹியூமிடிஃபையர் வாங்கும்போது அறையின் அளவைச் சொல்லாதீர்கள், தண்ணீரின் அளவைச் சொல்லுங்கள்.

இதில் மோசமான நேரம் விளக்கு அணைந்த முதல் அரை மணி. விளக்கு இருக்கும்வரை ஏசி ஓடிக் குளிர்வித்துக்கொண்டே ஈரத்தையும் எடுத்துக்கொண்டிருந்தது. விளக்கு அணைந்ததும் சூடு போய்விட்டது, ஏசி நின்றுவிட்டது, ஈரம் அப்படியே இருக்கிறது, வெப்பம் இறங்க இறங்க ஈரப்பதம் எகிறும். அதனால் கடைசித் தண்ணீரை விளக்கு அணைவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள், வெப்பத்தையும் ஒரேயடியாக இறக்காமல் படிப்படியாக இறக்குங்கள்.

நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் திரையில் ஈரப்பதம் எப்போதும் 55 சதவீதம் என்றுதான் காட்டும், எங்களுக்கும் நிம்மதி. அறுவடைக்குப் பத்து நாள் இருக்கும்போது நல்லா தடித்த ஒரு பூக்கொத்தில் ஒரே ஒரு குட்டி இலை மட்டும் பழுத்திருந்தது. இழுத்தேன், எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்தது. கொத்தைப் பிளந்தால் உள்ளே தண்டு பழுப்பாகக் குழைந்து, சாம்பல் தூசி பறந்தது. போட்ரைட்டிஸ், சாம்பல் பூசணம். அப்புறம் பார்த்தால் ஈரப்பதமானி காற்று வரும் துவாரத்துக்கு நேர் கீழே தொங்கியிருக்கிறது, இலைகளுக்கு நடுவே கையடக்க மானியை நீட்டினால் 70-ஐத் தாண்டுகிறது. அன்றிலிருந்து செடிகளுக்கு நடுவே, பூ உயரத்தில்தான் மானியைத் தொங்கவிடுகிறேன், அறைக்குக் குறைந்தது மூன்று மானி இருக்க வேண்டும். இலைகளைக் கழித்து உள்ளே காற்று புக வழி செய்வதும் இதற்காகத்தான்.

உரநீரைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, உரம் விற்பவர்கள்தான் அதைப் பெரிய ரகசியம் ஆக்குகிறார்கள். நீரின் அமில அளவான பிஎச்சை 5.8 முதல் 6.2 வரை வைத்து, உள்ளே போகும் நீரின் உப்பளவையும் கீழே வடியும் நீரின் உப்பளவையும் தினமும் அளந்து எழுதுங்கள், இரண்டுக்கும் இடைவெளி கூடிக்கொண்டே போனால் வேரடியில் உப்பு சேருகிறது என்று அர்த்தம்.

பூச்சிக்கு மருந்தடித்துக்கொள்ளலாம் என்ற நினைப்பை விட்டுவிடுங்கள். இந்தச் செடிக்கு அனுமதித்த மருந்துகள் மிகக் குறைவு, அனுமதி இல்லாதது சோதனையில் தெரிந்தால் மொத்தச் சரக்கும் குப்பைக்குத்தான். இலைப்பேனுக்கும் செஞ்சிலந்திக்கும் அவற்றைத் தின்னும் வேறு வகைக் குட்டி உண்ணிகளைப் பைகளில் வாங்கித் தொங்கவிடுவார்கள். பூச்சி வருவதற்கு முன்பே தொங்கவிட்டால் பலன், வந்த பிறகு என்றால் சும்மா மனத்திருப்திதான்.

அறுவடைக்கு நாள்காட்டியை மட்டும் நம்பாதீர்கள். பூவின் மேலுள்ள பிசின் முடிகளை உருப்பெருக்கியில் பாருங்கள், கண்ணாடி போல இருந்தவை பால் நிறமாகி, அங்கங்கே தேன் நிறம் எட்டிப்பார்க்கும். வெட்டிய பிறகு அவசரப்படுபவர்கள்தான் கெடுப்பார்கள். உலர்த்தும் அறை 15 முதல் 18 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதத்தை ஒட்டி, பத்து நாளோ இரண்டு வாரமோ ஆகும். எடையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீராகப் போய்விடும். காய்ந்ததா என்று காம்பை ஒடித்துப் பார்ப்பது பழைய பழக்கம், பூசணம் பயன்படுத்திக்கொள்ளக்கூடிய ஈரம் எவ்வளவு மிச்சம் என்று 0 முதல் 1 வரை காட்டும் நீர்ச் செயல்பாட்டு மானி வாங்கிக்கொள்ளுங்கள். அது 0.55-க்கும் 0.65-க்கும் நடுவே இருந்தால் சரி, மேலே போனால் டப்பாவுக்குள் பூசணம் வரும், கீழே போனால் பூ பொடியாகும்.

பொடி என்றதும் இதையும் சொல்ல வேண்டும். பூவை அரைக்கும் இடத்திலும் இலை கழிக்கும் இடத்திலும் பறக்கும் தூசி நுரையீரலுக்கு ஆகாது. 2022-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் இப்படிப்பட்ட கூடத்தில் வேலை பார்த்த ஒரு பெண் ஆஸ்துமா தாக்கி இறந்துபோனார். வேலை நேரத்தில் இருமல் வந்து, விடுமுறையில் சரியாகிறது என்றால் அதைச் சளி என்று விட்டுவிடாதீர்கள். தூசி உறிஞ்சியும் சரியாகப் பொருந்திய முகமூடியும் கேட்டு வாங்குங்கள்.

சரக்கு வெளியே போகும் முன் ஆய்வகச் சோதனை. காட்மியம், ஈயம் மாதிரி உலோகங்கள் (மண்ணிலோ உரத்திலோ இருந்தால் இந்தச் செடி உறிஞ்சிக்கொள்ளும்), பூசணங்கள், மருந்து எச்சம், வீரியம். வீரியத்தில் ஒரு சின்னக் கணக்கு. பச்சைப் பூவில் இருப்பது பெரும்பாலும் டிஎச்சிஏ என்ற அமிலம், சூடுபட்டால்தான் போதை தரும் டிஎச்சி ஆகும், ஆகும்போது எடை குறையும். அதனால் டிஎச்சிஏவை 0.877-ஆல் பெருக்கி, ஏற்கெனவே இருக்கும் டிஎச்சியைக் கூட்டுவார்கள். 24 சதவீதம் டிஎச்சிஏ, 0.5 சதவீதம் டிஎச்சி என்றால் மொத்தம் 21.5 சதவீதம்.

கடைசியில் பேனா. செடிக்கு அல்லது செடித்தொகுதிக்கு எண் இருக்கும், வெட்டியபோது பச்சை எடை, காய்ந்தபின் எடை, கழித்த இலையின் எடை, குப்பையின் எடை என்று எல்லாம் ஏட்டில் வர வேண்டும், கூட்டினால் ஒத்துப்போக வேண்டும். குப்பையையும் சும்மா போட முடியாது, யாரும் பயன்படுத்த முடியாதபடி வேறு பொருளோடு கலந்து, சாட்சியோடு எழுதி அழிக்க வேண்டும். ஒரு தடவை எங்களுக்கு 40 கிராம் இடித்தது. இரவு பதினொன்று வரை நான்கு பேர் ஒவ்வொரு பையாகத் திரும்ப நிறுத்தோம். கடைசியில் அது கையுறைகளில் இருந்தது: நாள் முழுக்க பூவிலிருந்து இலை கழித்த பன்னிரண்டு பேரின் கையுறையில் ஒட்டிய பிசினும் துணுக்கும், நிறுக்காமலே குப்பைப் பையில் கட்டிப் போட்டிருந்தோம்.