மகளுக்கு ட்ரைகிளிசரைடு கூடியிருந்தால் முட்டையை விடுங்க, டம்ளரைப் பாருங்க

திருநெல்வேலியில் ஒரு லேப்பில் ரத்தம் எடுக்கிற வேலை எனக்கு. பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிற பெண் பிள்ளைகளுக்கு ரத்தக் கொழுப்பில் ஒரு வகையான ட்ரைகிளிசரைடு கூடியிருந்தால் அம்மாக்கள் முதலில் கேட்பது, "முட்டையை நிறுத்திரவா?" வேண்டாம், வளர்கிற பிள்ளைக்குப் புரதம் வேண்டும். பார்க்க வேண்டியது சர்க்கரையை. தேவைக்கு மேல் போகிற சர்க்கரையைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றி ரத்தத்தில் விடுகிறது. கூடவே நல்ல கொழுப்பான எச்.டி.எல். இறங்கும்.

ரிப்போர்ட்டின் ஓரத்தில் 150 என்று அச்சடித்திருப்பது பெரியவர்களுக்கான அளவு. 10 முதல் 19 வயதுக்கு ட்ரைகிளிசரைடு 90க்குக் கீழே இருக்க வேண்டும். 130 வந்துவிட்டால் அதிகம். எச்.டி.எல். 45க்கு மேல் இருந்தால் நல்லது.

சரி, சர்க்கரை எங்கே இருக்கிறது? பிள்ளைகளுக்கு மேலே சேர்க்கிற சர்க்கரையை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள், அதாவது சுமார் 6 டீஸ்பூனுக்குள் நிறுத்தச் சொல்லி அமெரிக்க இதய சங்கம் 2016இல் சொன்னது. காலைக் காபியில் இரண்டு ஸ்பூன். சாயங்காலம் சத்து பானப் பொடி போட்ட பால்; பொடியிலேயே சர்க்கரை இருக்க, மேலே நாம் வேறு ஒரு ஸ்பூன். டியூஷன் வாசலில் ஒரு ரோஸ்மில்க். முடிந்தது கணக்கு. சர்க்கரை டப்பாவில் கிடக்கிற ஸ்பூனையும் ஒரு தடவை பாருங்கள், பல வீட்டில் அது டீஸ்பூனே இல்லை.

பாக்கெட்டின் பின்பக்கம் 'ஆடட் சுகர்ஸ்' (Added Sugars, மேலே சேர்த்த சர்க்கரை) என்ற வரியைத் தேடி, அந்த கிராமை நாலால் வகுங்கள், அத்தனை ஸ்பூன். ஆனால் அது 100 கிராமுக்கான கணக்கு, பிள்ளை எவ்வளவு சாப்பிடுகிறாள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். "நாங்க கருப்பட்டிதான் போடுறோம்" என்பார்கள். உடன்குடிக் கருப்பட்டியானாலும் இந்தக் கணக்கில் சர்க்கரைதான். பழத்தை அப்படியே கடித்துச் சாப்பிட்டால் அது இந்தக் கணக்கில் வராது.

ஒரேயடியாக நிறுத்தினால் பிள்ளை கடையில் வாங்கிக் குடிப்பாள். வாரத்துக்கு அரை ஸ்பூன் குறையுங்கள், நாக்கு பழகிவிடும். சோற்றைக் குறைத்துப் பட்டினி போடாதீர்கள். உடம்பு பருமனைச் சொல்லிக் காட்டவும் வேண்டாம்.

தைராய்டு குறைபாடு, பி.சி.ஓ.டி. (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) இருந்தாலும் ட்ரைகிளிசரைடு கூடும், அதனால் ரிப்போர்ட்டை டாக்டரிடம் காட்டுங்கள். 500 தாண்டியிருந்தால் அன்றைக்கே. மறுபடி டெஸ்ட் எடுக்க வரும்போது 12 மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் மட்டும். "ஒரு வாய் காபிதான் குடிச்சா" என்றால் திருப்பி அனுப்பிவிடுவேன்.