போதையில் சிக்கிய ஒருவருக்காக வீட்டில் நாம் செய்யும் தவறுகள்

என் அண்ணன் ஒரு கார்த்திகை முதல் தேதி மாலை போட்டார். பதினைந்து வருடக் குடி, அன்று காலையோடு நின்றது. வீடே நிம்மதியாகத் தூங்கியது. மறுநாள் அவருக்குக் கை நடுங்கியது, சட்டை நனைய வேர்த்தது. விரதம் கடுமையாக இருக்கிறது என்று நினைத்தோம். அன்று இரவு வலிப்பு வந்தது. கையில் சாவிக்கொத்தைத் திணித்தோம், பட்டினி கிடந்ததால் வந்தது என்று சொல்லிக்கொண்டோம். மூன்றாம் நாள் சுவரைப் பார்த்து யாருடனோ பேசினார், போர்வையில் இல்லாத பூச்சிகளைத் தட்டித் தட்டி விட்டார். சாமி வந்திருக்கிறது என்று அத்தை விபூதி பூசினார். நல்லவேளையாக, பக்கத்து வீட்டில் ஒரு நர்ஸ் இருந்தார். எட்டிப் பார்த்த அவர் கேட்ட ஒரே கேள்வி, "கடைசியாக எப்போது குடித்தார்?"

அந்தக் கேள்வியை நாங்கள் யாருமே கேட்டிருக்கவில்லை. கெட்ட எண்ணத்தால் அல்ல, தெரியாமல்தான் அத்தனை தவறுகளையும் செய்தோம். அதற்குப் பிறகு பல குடும்பங்களோடு உட்கார்ந்து பேசியிருக்கிறேன். ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் இதே தவறுகள்தான் நடக்கின்றன. அதனால்தான் எழுதுகிறேன்.

திடீரென்று நிறுத்தச் சொல்வது

பல ஆண்டுகளாகத் தினமும் குடிக்கும் உடம்பு, சாராயம் இருக்கும் என்ற கணக்கிலேயே இயங்கப் பழகியிருக்கும். மூளையை மந்தமாக்கும் சாராயத்துக்கு ஈடுகொடுக்க, மூளை தன்னை எப்போதும் முறுக்கி வைத்திருக்கும். சாராயம் ஒரே நாளில் நின்றால் முறுக்கு மட்டும் மிஞ்சும். நிறுத்திய ஆறு, ஏழு மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு மனக்குழப்பம் வரும்: இல்லாத உருவங்கள், இல்லாத குரல்கள், காய்ச்சல், படபடப்பு. சிகிச்சை இல்லாவிட்டால் இதில் உயிர் போகலாம்.

எல்லாக் குடிகாரர்களுக்கும் இது நடப்பதில்லை. ஆனால் காலையில் ஒரு மடக்கு குடித்தால்தான் கை நடுக்கம் நிற்கிறது என்றாலோ, முன்பு ஒருமுறை நிறுத்தியபோது வலிப்பு வந்திருந்தாலோ, அவரை வீட்டில் வைத்து ஒரே நாளில் நிறுத்தச் சொல்லக் கூடாது. மாலை போடட்டும், கோயிலில் கயிறு கட்டிக்கொள்ளட்டும். அந்த மன உறுதி உண்மையானது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் முதலில் மருத்துவரிடம் போய்விட்டு அப்புறம் கட்டட்டும். இன்றே மருத்துவரைப் பார்க்க முடியவில்லை என்றால், பார்க்கும்வரை சட்டென்று நிறுத்தாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதே பாதுகாப்பு. "குடிக்காதே" என்று கெஞ்சி ஓய்ந்த வீட்டில் இதைச் சொல்வது எவ்வளவு கசப்பானது என்று தெரியும். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மருத்துவமனையில் இந்த நாட்களைக் கடக்க மாத்திரை தருவார்கள், தையமின் என்கிற வைட்டமின் பி1 ஊசியும் போடுவார்கள். சாப்பிடாமல் குடித்தே கிடந்தவர்களுக்கு இந்தச் சத்து அடியோடு குறைந்திருக்கும். அதைக் கவனிக்காமல் விட்டால் நினைவாற்றலே நிரந்தரமாகப் பழுதாகலாம்.

வலிப்பு வந்தால் சாவியோ இரும்போ எதையும் கொடுக்காதீர்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைத்துவிட்டு 108-ஐ அழையுங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு தவறு, டாக்டரிடம் குடியை மறைப்பது. பைக்கில் விழுந்து கால் உடைந்து அறுவை சிகிச்சைக்குச் சேர்ப்பார்கள். "எப்போதாவது விசேஷத்தில் மட்டும்" என்று மனைவி சொல்வார், மாமியார் பக்கத்தில் நிற்கிறாரே என்ற கூச்சத்தில். மூன்றாம் நாள் நோயாளி குளுக்கோஸ் ஊசியைப் பிடுங்கிவிட்டு வார்டில் ஓடுவார். தினமும் எவ்வளவு, கடைசியாக எப்போது என்ற இரண்டையும் சேர்க்கும்போதே சொல்லிவிட்டால், மருத்துவர்கள் முன்கூட்டியே மருந்து தொடங்கிவிடுவார்கள்.

சாப்பாட்டில் கலந்து கொடுப்பது

"அவருக்குத் தெரியாமலே குடியை மறக்கடிக்கலாம்" என்ற விளம்பரத்தைப் பேருந்து நிலையச் சுவர்களில் பார்த்திருப்பீர்கள். தெரிந்தவர் மூலம் மாத்திரை வாங்கிப் பொடித்துக் குழம்பில் கலக்கும் பெண்களையும் எனக்குத் தெரியும். வேறு வழி தெரியாமல்தான் செய்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் இது உயிரோடு விளையாடுவது.

அந்த மாத்திரை பெரும்பாலும் டைசல்ஃபிராம். சாராயம் உடம்பில் சிதையும்போது உண்டாகும் அசிட்டால்டிஹைடு என்ற நச்சை மேற்கொண்டு சிதைய விடாமல் அது தடுத்து நிறுத்திவிடும். அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரியும். இதயம் பலவீனமானவர் இறந்தே போகலாம். கடைசி மாத்திரைக்குப் பிறகும் இரண்டு வாரம் வரை இந்த விளைவு நீடிக்கும். மருந்து உள்ளே இருப்பது தெரியாத மனிதர் வழக்கம்போலக் கடைக்குப் போய்க் குடிப்பார். என்ன ஆயிற்று என்று மருத்துவரிடம் சொல்லக்கூட அவருக்குத் தெரியாது.

இந்த மருந்து கெட்டதல்ல. ஈரலையும் இதயத்தையும் பரிசோதித்து, விளைவுகளை விளக்கி, அவர் சம்மதித்துத் தானே சாப்பிட்டால் சிலருக்கு நன்றாகவே உதவுகிறது. குடிக்கும் வேட்கையைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகளும் உண்டு. எதுவானாலும் அவருக்குத் தெரிந்தே நடக்க வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது. கலந்து கொடுத்தது ஒருநாள் தெரியவரும்போது, அந்த வீட்டில் அவர் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடிக்கவும் யோசிப்பார். அப்புறம் நாம் சொல்லும் எந்த வார்த்தை அவர் காதில் ஏறும்?

கால்கட்டு

"ஒரு கால்கட்டைப் போட்டால் சரியாகிவிடுவான்." இந்த ஒரு வாக்கியத்தால் எத்தனை பெண்களின் வாழ்க்கை பாழாகியிருக்கிறது! குடிநோய்க்கு மனைவி மருந்தல்ல. மறைத்துக் கட்டி வைப்பது மோசடி. இதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

கட்டிப் போடும் இடத்தில் சேர்ப்பது

நள்ளிரவில் நான்கு பேர் வந்து, தூங்குகிறவரைத் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு போகும் மையங்கள் இருக்கின்றன. பணத்தைக் கட்டிவிட்டு மூன்று மாதம் நிம்மதியாக இருக்கலாம் என்று தோன்றும். அங்கே அடி விழுகிறதா, மருத்துவர் வருகிறாரா என்று வெளியிலிருந்து தெரியாது. ஏர்வாடியில் 2001 ஆகஸ்டில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள். அந்த ஊரைத் தெரிந்த நாம் சங்கிலியைச் சிகிச்சை என்று நம்பலாமா?

போதைக்கு அடிமையாவது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறது. அந்தச் சட்டம் சங்கிலியால் கட்டுவதை எந்த வடிவத்திலும் தடை செய்கிறது. ஒரு மையத்தில் சேர்க்கும்முன் உரிமம் எங்கே, மனநல மருத்துவர் யார், எப்போது வருவார், நாங்கள் எப்போது வந்து பார்க்கலாம் என்று கேளுங்கள். பார்க்கவே கூடாது என்று சொன்னால் திரும்பி வந்துவிடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை இருக்கிறது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446 என்ற தேசியப் போதை மீட்பு உதவி எண்ணையோ, 14416 என்ற மனநல உதவி எண்ணையோ கூப்பிடலாம். கட்டணம் கிடையாது.

2019-இல் வெளியான தேசிய ஆய்வின்படி, குடிக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதோ ஒரு விதத்தில் உதவி கிடைத்திருக்கிறது. மீதி 37 பேரின் வீட்டிலும் யாரோ ஒருவர் விபூதியோடும் சாவிக்கொத்தோடும் தனியாகப் போராடிக்கொண்டிருப்பார் என்றுதான் அந்த எண்ணைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றும்.

மாத்திரையும் ஊசியும்

மகன் வலி மாத்திரையைப் போதைக்குப் பயன்படுத்துகிறான், ஊசியும் போட்டுக்கொள்கிறான் என்று தெரிந்தால் வீட்டுக்குள் இடி விழுந்த மாதிரி இருக்கும். பல பெற்றோர் முதலில் செய்வது, ஊசியைப் பிடுங்கி உடைத்து வெளியே எறிவதுதான். வேட்கை அதோடு போவதில்லை. அவன் அடுத்த தெருவில் நண்பனின் ஊசியை வாங்கிப் போட்டுக்கொள்வான். ஹெச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் சி-யும் அப்படித்தான் பரவுகின்றன. இதைத் தடுக்கத்தான் அரசின் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டமே, ஊசி போடுகிறவர்களுக்குத் தொண்டு நிறுவனங்கள் மூலம் புதிய ஊசி கொடுக்கிறது, ஊசிக்குப் பதிலாக நாக்கின் அடியில் வைக்கும் பியூப்ரினார்ஃபின் மாத்திரையை இலவசமாகத் தருகிறது. "ஒரு போதைக்கு இன்னொரு போதையா?" என்று கேட்பார்கள். அளவு தெரிந்த, சுத்தமான மருந்தை நர்ஸ் கண்ணெதிரில் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போகிறவனுக்கும், சாக்கடை ஓரத்தில் அழுக்கு ஊசியோடு உட்கார்ந்திருக்கிறவனுக்கும் உள்ள தூரம் மிகப் பெரியது. அந்த மருந்தை "எப்போது நிறுத்துவாய்" என்று வீட்டில் அவசரப்படுத்துவதும் ஒரு தவறுதான். அதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் ஹெச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், பெயர் வெளியே போகாது. ஹெபடைடிஸ் சி இப்போது பெரும்பாலானவர்களுக்கு மூன்று மாத மாத்திரையில் குணமாகிறது. அதற்கும் அரசின் இலவசத் திட்டம் 2018 முதல் இருக்கிறது.

"குறட்டை விட்டுத் தூங்குகிறான், எழுந்தால் தெளிந்துவிடும்" என்று விடுவதுதான் இருப்பதிலேயே ஆபத்தான தவறு. தட்டினாலும் எழவில்லை, மூச்சு விட்டு விட்டு வருகிறது, கரகரவென்று சத்தம் கேட்கிறது, உதடு நீலமாகிறது, கண்ணின் பாப்பா கடுகு போலச் சுருங்கியிருக்கிறது என்றால் அது தூக்கமல்ல. மூச்சு நின்றுகொண்டிருக்கிறது. உப்புத் தண்ணீர் ஊற்றாதீர்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108-ஐ அழைத்துவிட்டு ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தனியாக விடாதீர்கள். மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துப்போய் என்ன போட்டான் என்று மறைக்காமல் சொல்லுங்கள். அபின் வகை வலி மாத்திரையால் மூச்சு அடங்கியிருந்தால், நலாக்ஸோன் என்ற ஊசி சில நிமிடங்களில் அதைத் திருப்பிக் கொண்டுவரும். வலி மாத்திரையோடு சாராயமோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு.

மையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ திரும்பி வந்த முதல் இரண்டு வாரங்கள் தனிக் கவனம் கேட்பவை. விட்டிருந்த நாட்களில் உடம்பின் தாங்குசக்தி இறங்கியிருக்கும். ஒரு சறுக்கலில் பழைய அளவையே எடுத்தால் அதுவே உயிரை எடுத்துவிடும். பேசினால் ஞாபகப்படுத்தியது போல ஆகிவிடுமே என்று பெற்றோர் இதைச் சொல்லத் தயங்குகிறார்கள். சொல்லுங்கள். "எடுக்காதே. ஒருவேளை எடுத்தாலும் பழைய அளவை உன் உடம்பு தாங்காது, தனியாக இருக்காதே, என்னைக் கூப்பிடு" என்று நேராகவே சொல்லுங்கள்.

போலீஸ் வழக்காகிவிடும் என்ற பயத்தில் சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்ற பிரிவு இருக்கிறது. போதைப்பொருள் பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கிய ஒருவர் தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால், வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது அந்தப் பிரிவு. அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெற வேண்டும், அதை முழுதாக முடிக்க வேண்டும்.

கள்ளச்சாராயம் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. குடித்த பிறகு கண் மங்கினால், வயிறு கடுமையாக வலித்தால், மூச்சு வாங்கினால் ஹேங்ஓவர் என்று படுத்துவிடக் கூடாது. மாற்று மருந்தும் டயாலிசிஸும் இருக்கின்றன, ஆனால் நேரத்தோடு போனால்தான்.

ஊர் வாயை மூடப் பார்ப்பது

வீட்டு விஷயம் வெளியே தெரியக் கூடாது என்று கதவைச் சாத்திக்கொள்கிறோம். அவர் வேலைக்கு வராததற்குக் காய்ச்சல் என்று நாம் போன் செய்கிறோம், அவர் கடனை நாம் அடைக்கிறோம். குடியின் விளைவு எதுவும் அவரைத் தொடாமல் பார்த்துக்கொள்வது நாம்தான். பணத்தைக் கையில் கொடுக்காதீர்கள். சாப்பாடு கொடுங்கள், மருத்துவமனைக்கு அவரோடு போங்கள், பேருந்துக் கட்டணத்தை நீங்களே கட்டுங்கள். போதையில் இருக்கும்போது வாக்குவாதம் வேண்டாம், காலையில் பேசுங்கள். கை நீட்டினால் பொறுத்துப் போக வேண்டியதில்லை. 181 பெண்கள் உதவி எண். உயிர் பயம் இருந்தால் குழந்தைகளோடு வெளியேறுவது அவரைக் கைவிடுவது ஆகாது.

சென்னையில் 1980-இல் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கிய சாந்தி ரங்கநாதன், கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்த அமைப்பு மஞ்சக்குடி போன்ற கிராமங்களுக்கே போய் முகாம் போட்டது. நகரத்துக்கு அலைய முடியாதவருக்கு ஊரிலேயே சிகிச்சை. ஊர்க்காரர்களும் கூட நிற்கிறார்கள், மறைக்க ஒன்றுமில்லை. குடியை விட்டவர்கள் ஒருவரையொருவர் தாங்கும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டங்கள் தமிழிலும் நடக்கின்றன. குடும்பத்தினருக்கு அல்-அனான் கூட்டங்கள் தனியாக உண்டு. காசு வாங்குவதில்லை, முழுப்பெயர் கேட்பதில்லை. அம்மா முதல் தடவை போனபோது முக்காடு போட்டுக்கொண்டு கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு பெண் எழுந்து பேசியது அப்படியே எங்கள் வீட்டுக் கதை. திரும்பி வரும் வழியில் அம்மா அழவில்லை, பசிக்கிறது என்று சொன்னார். இட்லி வாங்கிச் சாப்பிட்டோம்.

சறுக்கியதும் கைவிடுவது

"இவ்வளவு செலவு செய்தும் மறுபடி குடித்துவிட்டான், இனி இவன் தேறமாட்டான்." சர்க்கரை நோயாளி ஒரு கல்யாணத்தில் லட்டு சாப்பிட்டுச் சர்க்கரை ஏறினால் நாம் மருத்துவரை விட்டுவிடுவதில்லை. இங்கே மட்டும் முதல் சறுக்கலிலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அந்தத் தீர்ப்புக்குப் பயந்து அவரும் மறைக்கத் தொடங்குகிறார். மறைத்துக் குடிப்பவருக்கு வலிப்பு வந்தாலும், மூச்சு நின்றாலும், பக்கத்தில் ஆள் இருக்காது.

அண்ணன் இதுவரை மூன்று முறை சறுக்கியிருக்கிறார். முதல் இரண்டு தடவையும் நாங்கள் கத்தித் தீர்த்தோம், அவர் வாரக்கணக்கில் வீட்டுக்கே வரவில்லை. மூன்றாவது தடவை இரவு பதினொரு மணிக்கு அவரே எனக்குப் போன் செய்தார். "குடிச்சிட்டேம்மா" என்றார். எனக்கும் கோபம் வந்தது. "சாப்பிட்டீங்களாண்ணா? எங்க இருக்கீங்க?" என்று மட்டும் கேட்டேன். பேருந்து நிலையத்தில் இருப்பதாகச் சொன்னார். போய்க் கூட்டி வந்தோம். காலையில் நடுக்கம் கூடுவதற்குள் மருத்துவமனைக்குக் கிளம்பிவிட்டோம்.