ஹேஸ்டிங்ஸ் போரைச் சீட்டுக்கட்டில் ஆடும் முறை

1066 அக்டோபர் 14 அன்று இங்கிலாந்தில் குன்றின்மேல் கேடய அரண் அமைத்து நின்ற ஹெரால்டின் படையை நார்மண்டியின் வில்லியம் வென்ற போரை, சாதாரணச் சீட்டுக்கட்டைக் கொண்டே இருவர் ஆடலாம்.

ஹெரால்டாக ஆடுபவர் ஐந்து கறுப்புச் சீட்டுகளைத் தாம் பார்த்தபின் வரிசையாகக் கவிழ்த்து வைக்க வேண்டும். வில்லியமுக்கு ஏழு சிவப்புச் சீட்டுகள். ஏஸ் 1, ராஜா 13. வில்லியம் ஏதேனும் ஒரு கறுப்புச் சீட்டின் எதிரே தம் சீட்டைக் கவிழ்த்து வைத்துத் தாக்குவார்; இரண்டையும் திறக்கும்போது குன்றின் உயரத்துக்காகக் கறுப்புக்கு 2 கூடும், சமமானால் கறுப்பே வெல்லும், தோற்ற சீட்டு விலகும்.

திறக்கும் முன் வில்லியம் ‘பின்வாங்குகிறேன்’ என்று அறிவிக்கலாம் என்பதே ஆட்டத்தின் உயிர்: ஹெரால்ட் அசையாதிருந்தால் அந்தச் சிவப்புச் சீட்டு மட்டும் திறக்கப்படாமலே வீணாகும், துரத்தினால் அந்த 2 கிடைக்காது, ஆனால் வென்றால் எதிரியின் கையிலிருந்து இன்னொரு சீட்டையும் பறிக்கலாம். நார்மானியக் குதிரைப்படை உண்மையிலேயே இப்படிப் போக்குக் காட்டியதாகப் பழைய வரலாறுகள் கூறுகின்றன. ஹெரால்ட் துரத்துவார் என்று தோன்றினால் மட்டும், உயர்ந்த சீட்டை வைத்துக்கொண்டு பின்வாங்குவது வில்லியமுக்கு நல்லது.

மூன்று கறுப்புச் சீட்டுகள் விழுந்தால் வில்லியமுக்கு வெற்றி. அதற்குள் சிவப்புச் சீட்டுகள் தீர்ந்தால் ஹெரால்டுக்கு.